ஓரத்தில் ஓடுபவன்

என் துணைவிக்கு,

நீ நம் மகன் வீட்டுக்குப் போனதிலிருந்து போனை எடுப்பதில்லை, ஆகவே எழுதுகிறேன்.

எங்கள் கால்பந்து கிளப்புக்கு, இடது ஓரத்தில் ஆட எந்த வகை விங்கர் தேவை என்று தேர்வுக்குழுவில் மூவர் கூடிப் பேசினோம். முன்னால் நின்று கோலடிக்கும் எங்கள் ஸ்ட்ரைக்கர் நெட்டையன். ஓரமாகவே ஓடி, அவன் தலைக்குக் கிராஸாகப் பந்தை அனுப்புபவன்தான் வேண்டும். நம் மகன் ஓரத்திலிருந்து நடுவே வெட்டி வந்து, வலது காலால் தானே கோலடிப்பவன்.

"அடுத்தது உங்க பையன் பேரு. நீங்க வெளிய போய் ஒரு காபி குடிச்சிட்டு வாங்க சார், நாங்க பாத்துக்கறோம்," என்றார் பயிற்சியாளர்.

உறவினர் பெயர் வந்தால் எழுந்து போகவேண்டும் என்ற விதியை எழுதியவனே நான். போயிருந்தால் எனக்காக அவனை எடுத்திருப்பார்கள். நான் உட்கார்ந்திருந்து, வேண்டாம் என்று வாதாடினேன்; அவனை எடுக்கவில்லை.

இன்று குழுவிலிருந்து விலகிவிட்டேன். விதியை மீறியதற்காக மட்டும்தான்; முடிவு சரியானதே. களைப்பாக இருக்கிறது. நான் வாதாடியதை அவனிடம் சொல்லாதே. இடது காலால் கிராஸ் பழகச் சொல்.

இப்படிக்கு,
உன் கணவன்