முப்பத்தாறு கேமராவுக்கு நடுவில்

மார்ச் 3
வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். அந்த இங்கிலீஷ் ஒப்பந்தக் காகிதத்தை நான் படிக்கவே இல்லை. எழுத்துக் கூட்டிப் படித்தால் சிரிப்பார்களே என்று, படித்தவள் மாதிரி தலையாட்டி, பக்கம் புரட்டிக் கையெழுத்துப் போட்டேன். இன்றைக்குத்தான் வாசல் காவலாளி வாசித்துச் சொன்னார்: உருவம் சரியாக வரும்வரை ஆள் மாறக்கூடாது, லீவும் கிடையாது. இருபதாம் தேதி அக்காவுக்கு மூட்டு ஆபரேஷன். அவளுக்கு என்னை விட்டால் யார்?

கேண்டீனில் பாத்திரம் தேய்த்தவளைச் சிரித்த முகம் என்று பிடித்து வந்தார்கள். நடுவில் முக்காலி, சுற்றி இரும்பு வளையத்தில் முப்பத்தாறு கேமரா. அவை எடுப்பதை வைத்து, மேசைப் பெட்டிக்கு மேலே வெறும் ஒளியில் ஒரு சாண் உயரத்துக்கு என் உருவம் நிற்க வேண்டும். அந்தப் பெட்டியை வீட்டுக்கு வீடு விற்கப் போகிறார்களாம்.

மார்ச் 6
இன்றும் பெட்டிக்கு மேலே எனக்கு இரண்டு மூக்கு. ஒன்றுக்கே மூக்குத்தி வாங்க வழியில்லை.

மார்ச் 10
ஜன்னல் இல்லை. சுவரெல்லாம் கறுப்புத் துணி. ஒன்பதிலிருந்து ஆறு வரை "சிரிங்கம்மா". இஞ்சினியர் பெண்ணுக்கு நான் வைத்த பெயர் 'தொடாதே'. எதன் பக்கம் கை போனாலும் அதையே சொல்வாள். லென்ஸ் மாற்றினாள், வயர் மாற்றினாள். காலையில் எடுத்தது ஒழுங்கு; மதியத்துக்கு மேல் எடுத்தால் விளிம்பு கிழிந்து ஆடுகிறது.

"அப்ப தப்பு சாப்பாட்டுலதான்" என்றேன். அவள் சிரிக்கவில்லை.

மார்ச் 13
'தொடாதே'யிடம் லீவு கேட்டேன்.

"ஆள் மாறினா முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்மா. என் வேலையும் போயிடும்."

அவளும் மாட்டிக்கொண்டவள்தான். யாரைத் திட்டுவது?

அக்கா போனில், "நீ வரலேன்னா ஒண்ணும் குடிமுழுகிப் போயிடாதுடி" என்றாள். குரல் அப்படிச் சொல்லவில்லை. சிரி சிரின்னா எங்கேருந்து வரும் — முடியல.

மார்ச் 14
மதியம் முக்காலியிலிருந்து எழுந்தபோது தலை சுற்றியது. வளையத்தைப் பிடித்துவிட்டேன். சுட்டது.

"தொடாதீங்க!"

"காலைல ஜில்லுன்னு இருந்துச்சே?"

"அது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

தினமும் அதைப் பிடித்துக்கொண்டுதான் செருப்பைக் கழற்றுகிறேன் என்று ஒத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. திட்டுவாள் என்று பார்த்தால், அளவுகருவியோடு ஓடி வந்தாள். விளக்குச் சூட்டில் வளையம் மயிரிழை விரிந்து, கேமரா எல்லாம் இடம் விலகியிருக்கிறது! இதுக்கா இத்தனை நாள்?

மார்ச் 18
விளக்குகளைத் தள்ளி வைத்து, வளையத்துக்கு ஃபேன் போட்டாள். மாலை ஐந்து மணிக்கு எடுத்ததிலும் ஒரே மூக்கு. அவள் அழுதாள். தோளில் கை வைத்தேன். தொடாதே என்று சொல்லவில்லை.

"அக்காவைப் பாருங்க, போங்கம்மா."

மார்ச் 25
ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த அக்காவைக் குளிக்க வைக்கக் கூட்டிப் போனேன். கட்டு நனையாமல் பிளாஸ்டிக் உறை சுற்றினேன். கதவைத் தாழிட்டேன். கைப்பிடி கையோடு வந்துவிட்டது; இரண்டு பேரும் உள்ளே மாட்டிக்கொண்டோம். எங்கள் கூச்சல் கேட்டு, பக்கத்து வீட்டுக்காரர் தச்சரை அழைத்து வந்தார். தச்சர் கதவைக் கழற்ற ஒன்றரை மணி நேரம் ஆனது. அக்கா நன்றாக இருக்கிறாள். வெந்நீர் ஆறிவிட்டது.