வெள்ளையாக இருந்த சந்து

பெரிய பிரிண்டரிலிருந்து வரைபடம் வெளியே வரும்போது சூடான மை வாசனை ஒன்று வரும், உனக்குத் தெரியும். இன்று காலை அந்த வாசனையோடு அமீர்பேட் வரைபடம் வந்தது. விரித்துப் பார்த்தேன். லேடீஸ் ஹாஸ்டல்களுக்குப் பின்னால் இருக்கும் சந்து சிவந்திருந்தது. உடனே உன்னைக் கூப்பிடலாம் என்று போனை எடுத்துவிட்டேன். அப்புறம்தான் நீ இல்லாதது உறைத்தது.

எங்கள் போலீஸ் அலுவலகத்துக்கு, புகார்களை வரைபடத்தில் ஏற்றித் தருகிற கம்பெனியிலிருந்து நீ வந்த முதல் நாள் நினைவிருக்கிறது. "நீங்க தமிழா?" என்று கேட்டாய். "ஹவ்" என்றேன்; 'ஆமாம்' என்பதற்கு இந்த ஊர் உருதுவில் அப்படித்தான். திருதிருவென்று விழித்தாய். வெள்ளைக்காரன் காலத்திலிருந்து இந்தத் தெலுங்கு ஊரில், மெட்டுகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் இருக்கிற குடும்பத்தின் தமிழ் இப்படித்தான் இருக்கும் என்று விளக்கிச் சொன்னேன். திருநெல்வேலிக்காரியான உனக்கு அது கடைசிவரை சிரிப்புத்தான். எஸ்.ஐ. என்ற மரியாதையெல்லாம் போய், அன்றிலிருந்து நான் உனக்கு 'ஹவ் மேடம்' ஆகிவிட்டேன்.

உன் வேலை எளிதாகத்தான் தெரிந்தது. புகார் வந்த இடத்தில் ஒரு புள்ளி. புள்ளிகள் நெருங்கினால் அந்த இடம் மஞ்சளாகும், இன்னும் நெருங்கினால் சிவப்பாகும். சிவந்த இடத்துக்கு ரோந்து போகும். எங்கள் அதிகாரிக்கு இது மிகவும் பிடித்துப்போயிற்று. அவரைக் குறை சொல்ல முடியாது, இருப்பதோ கொஞ்சம் ஆள், கொஞ்சம் வண்டி. ஒரு திங்கட்கிழமைக் கூட்டத்தில் அவர் படத்தில் அந்தச் சந்து இருந்த இடத்தைக் காட்டி, இங்கே ஒரு புள்ளிகூட இல்லையே, இங்கே நிற்கும் பெண் போலீஸ்காரர்களை வேறு இடத்துக்கு மாற்றுங்கள் என்றார். எல்லோரும் தலையாட்டினோம். நீ மட்டும் எழுந்தாய். வெள்ளையாக இருந்தால் பத்திரம் என்று பொருளில்லை சார், யாரும் நம்மிடம் வந்து சொல்லவில்லை என்றுதான் பொருள் என்றாய். அவர் அடுத்த கூட்டம்வரை உனக்கு அவகாசம் கொடுத்தார்.

"நீ காக்கியோட வந்தா ஒருத்தியும் வாயத் தொறக்க மாட்டா" என்று நீ சொன்னதால் அந்தச் சந்து ஹாஸ்டலுக்குச் சுடிதாரில் வந்தேன். கோச்சிங் முடிந்து பெண்கள் திரும்பும் நேரம். ஹாஸ்டல் சாப்பாட்டு மேஜையில் தட்டுகளை ஒதுக்கிவிட்டு வரைபடத்தை விரித்தாய். சந்தில் என்ன நடக்கிறது என்று கேட்டாய். கடைசியில் வேலூர்ப் பெண் ஒருத்தி சொன்னாள்: "புகார்னு போனா வீட்டுக்கு போன் போகும்க்கா. அப்பா அடுத்த பஸ்ல ஏத்திக் கூட்டிட்டுப் போயிடுவாரு. அப்புறம் படிப்பு அவ்ளோதான்."

நீ கைப்பையிலிருந்து ஸ்டிக்கர் பொட்டுப் பாக்கெட் ஒன்றை எடுத்தாய். மெட்ரோ ஸ்டேஷனுக்குக் கீழே வாங்கியது. "பேரு வேண்டாம், எழுதவும் வேண்டாம். எங்க நடந்துச்சோ அங்க ஒரு பொட்டு ஒட்டுங்க, போதும்." நான் அதைத் தெலுங்கில் சொன்னேன். ஒரு கையும் நீளவில்லை. சாம்பார் ஆறிக்கொண்டிருந்தது.

அப்போது உன் நெற்றியிலிருந்த பொட்டை எடுத்தாய். வரைபடத்தின் ஓரத்தைத் தாண்டி, வெறும் மேஜையில் அதை ஒட்டினாய். "எங்க ஊரு இந்தப் படத்துல இல்ல. அதான் வெளிய ஒட்டுதேன். காலேஜ் படிக்கும்போது நடந்துச்சு. எங்கம்மாட்டகூட இதுவர சொன்னதில்ல." நான் மொழிபெயர்க்கவில்லை, தேவைப்படவில்லை. வேலூர்ப் பெண்தான் முதலில் பாக்கெட்டை வாங்கினாள். பிறகு அது கை மாறி மாறிச் சுற்றியது. என்னிடம் வந்தபோது அடுத்தவளிடம் கொடுத்துவிட்டேன். எல்லாரும் எழுந்தபோது, டிரான்ஸ்ஃபார்மர் ஓரத்திலும் பூட்டிக்கிடந்த இன்ஸ்டிடியூட் சுவரருகிலும் பொட்டுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன.

அந்த வரைபடத்தை அப்படியே கூட்டத்துக்குக் கொண்டுவந்தாய். சிலர் சிரித்தார்கள். அதிகாரி சிரிக்கவில்லை. வெகுநேரம் பார்த்துவிட்டு, ஆட்கள் அங்கேயே நிற்கட்டும், தெருவிளக்கு கேட்டும் எழுதுங்கள் என்றார்.

படியிறங்கும்போது நீ சொன்னாய்: "இனிமே அங்க புகார் வரும் பாரு. நம்பிக்கை வந்தா சொல்லத்தான் செய்வாளுவ. படம் செவக்கும். ஆள் நிறுத்தியும் ஏன் கூடிப்போச்சுன்னு மேல கேப்பாங்க. நீ பயந்துராத."

"நக்கோ தாயே, அது என்னால ஆகாது. அன்னிக்கு நீயே வந்து பதில் சொல்லிடு."

சரி என்றாய். அந்த மழைக்காலத்தில் டெங்கு என்று உன்னை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அடுத்த முறை சைனிக்புரியில் உன் வீட்டுக்கு நான் வந்தபோது வாசல் முழுக்கச் செருப்புகள், கூடத்தில் உன்னைக் கிடத்தியிருந்தார்கள். உன்மேல் எனக்குக் கோபம்கூட வந்தது. சரி என்று சொன்னவள் அல்லவா நீ.

இன்று கூட்டத்தில் புது அதிகாரி அதையேதான் கேட்டார். ஆள் நிறுத்தியும் ஏன் சிவந்தது? நான் எழுந்தேன். இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தவர்கள் இப்போது பேசுகிறார்கள் சார் என்றேன். ஒரு பெண் தன் பெயரையே போட்டுப் புகார் கொடுத்திருப்பதையும், ஊரிலிருந்து வந்த அவள் அப்பாவிடம் நானே உட்கார்ந்து பேசியதையும், அவள் இன்னும் இங்கேதான் படிக்கிறாள் என்பதையும் சொன்னேன். இப்போது ஆட்களை எடுத்தால் அவர்கள் மறுபடி வாயை மூடிக்கொள்வார்கள், படம் வெள்ளையாகிவிடும், நாமும் சந்தோஷப்பட்டுக்கொள்ளலாம் என்றும் சொல்லிவிட்டேன். அவருக்கு அது பிடிக்கவில்லை. இருந்தாலும் அடுத்த மாதம்வரை இருக்கட்டும் என்றார். கிடைத்தது அவ்வளவுதான்.

திரும்பி வந்து, கதவைச் சாத்திக்கொண்டு இதை எழுதுகிறேன். அன்று ஹாஸ்டலில் நான் ஏன் பொட்டு ஒட்டவில்லை என்று நீ கேட்டதே இல்லை. நீ பார்த்திருப்பாய். எங்கள் குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் தண்டவாளத்தைக் கடக்க ஒரு நடைபாலம் உண்டு. எனக்கு அது அங்கே நடந்தது. நானும் அப்போது காலேஜில்தான் இருந்தேன். மறுநாளிலிருந்து ஊரைச் சுற்றிக்கொண்டு போனேன். ஏன் லேட் என்று வீட்டில் கேட்டால் வாய்க்கு வந்த பொய்யைச் சொன்னேன். காக்கி போட்ட பிறகும் அந்தப் பாலத்தில் ஏறியதில்லை. எத்தனையோ பெண்களின் புகாரை என் கையால் எழுதியிருக்கிறேன். இதை நான் சொல்லும் முதல் ஆள் நீதான்.