எல்லாம் சரியாக இருக்கிறது என்றது ரிப்போர்ட்

என் வாலுப்பெண்ணுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் உன் வயிற்றில் இருக்கும் பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கவேண்டும். இங்கே நாங்களும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், இந்த முறை மனசு வரவில்லை. போனில் நீ கேட்கும்போதெல்லாம் நன்றாக இருக்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன், உன் அப்பா பக்கத்திலேயே காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறார், வேறு என்ன சொல்வது.

எனக்கு உடம்பு முழுக்க வலி. நீ கல்யாணமாகிப் போவதற்கு முன்பே தொடங்கியது. ஒரே இடத்தில் நின்றாலாவது அதற்கு ஒரு பெயர் வைக்கலாம். காலையில் தோள்பட்டையில் இருக்கும், மத்தியானம் இடுப்புக்கு இறங்கும், மறுநாள் எழுந்தால் தாடையில் போய் உட்கார்ந்திருக்கும். இன்னைக்கு உன் வலி எந்த ஊருல தங்கியிருக்கு என்று அப்பா கேலி செய்வார். முதலில் நானும் சிரித்தேன், இப்போது அந்தப் பேச்சைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வருகிறது. சலவைக்கூடத்தில் நாள் முழுக்க நின்று விடுதிப் படுக்கை விரிப்புகளை இஸ்திரி மெஷினுக்குள் விட்டுக்கொண்டிருந்தால் யாருக்குத்தான் வலிக்காது என்று நினைத்தேன். லீவு நாளிலும் வலித்தது. விடிய விடியத் தூங்கி எழுந்தாலும் அடித்துப் போட்ட மாதிரி இருந்தது.

டாக்டரிடம் போகாமல் இல்லை. கிளம்பும்போதெல்லாம் அப்பாவுக்கு ஒரே பாட்டு, ஒரு இடத்தை மட்டும் சொல்லு, எல்லாத்தையும் சொன்னா மனசுல கோளாறுன்னு எழுதிடுவாங்க என்று. நானும் அன்றைக்கு எது வலிக்கிறதோ அதை மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். முட்டிக்கு ஒருவர் தைலம் கொடுத்தார், கழுத்துக்கு இன்னொருவர் பட்டை மாட்டினார், பல் டாக்டர் நல்ல பல் ஒன்றைப் பிடுங்கியே விட்டார். மொத்தமாக என்னை ஒருவரும் பார்க்கவில்லை.

போன மாதம் புதிதாக வந்த டாக்டரம்மாதான், எங்கெங்கே வலிக்குதோ அத்தனையும் சொல்லுங்கம்மா என்றார். கொட்டித் தீர்த்துவிட்டேன். காலையில் மூட்டு விறைத்துப் போகிறதா, வீங்குகிறதா, காய்ச்சல் வருகிறதா, எடை குறைந்ததா, தூக்கம் எப்படி, மனசு எப்படி, என்னென்ன மாத்திரை என்று குடைந்து குடைந்து கேட்டார். தைராய்டு குறைந்தாலும், வெயில் படாமல் சத்துக் குறைந்தாலும், மூட்டுவாதத்தாலும் இப்படி வரலாமாம். நான் கொழுப்புக்குப் போடும் மாத்திரைகூடச் சிலருக்குத் தசையை வலிக்க வைக்குமாம், ஆனால் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள் என்று சொல்லி வேறு மாத்திரை மாற்றிக் கொடுத்தார். அதிலும் வலி குறையவில்லை.

ரத்தப் பரிசோதனையில் எல்லாம் சரியாக இருக்கிறது என்று வந்தது. அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை, தெருவில் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னார். நான் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். ஏதாவது ஒரு வியாதி இருக்கட்டுமே என்று வேண்டிக்கொண்டவள் உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். வேலையிடத்தில் சூப்பர்வைசர், அதான் ஒண்ணுமில்லைன்னு வந்துடுச்சே என்று மறுபடி கனமான விரிப்புகளையே கொடுத்துவிட்டார். டாக்டரம்மா மட்டும், ரிப்போர்ட் சுத்தம்னா வலி பொய்னு அர்த்தம் இல்லம்மா என்றார். சிலருக்கு நரம்பே சின்ன வலியை ஊதிப் பெரிசாக்கிவிடுமாம், நம் எதிர்வீட்டம்மா சேதி சொல்வதைப் போல. நேரத்துக்குத் தூங்கவேண்டும், கொஞ்சம் கொஞ்சமாக நடக்கவேண்டும், குறையலாம், அடியோடு போகும் என்று சொல்ல முடியாது என்றார். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு எதிலும் பிடிப்பில்லை.

இதையெல்லாம் ஏன் எழுதுகிறேன் என்றால், பிரசவத்துக்கு வருகிறேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். போன வாரம் கீழ்வீட்டுப் பெண் தன் கைக்குழந்தையை என்னிடம் நீட்டினாள். ஆசையாக வாங்கினேன், மணிக்கட்டு சட்டென்று விட்டுப்போனது. அவள் இன்னும் கையை எடுக்காததால் பிழைத்தோம். சிரித்து மழுப்பிவிட்டு மேலே வந்தேன், அப்பாவிடம்கூடச் சொல்லவில்லை.

நீ மருந்து மாத்திரையை நேரத்துக்குச் சாப்பிடு, மாப்பிள்ளையோடு சண்டை போடாதே. எங்காவது வலித்தால் டாக்டரிடம் பாதியை மறைக்காமல் முழுசாகச் சொல். நீங்கள் இருவரும், பிறக்கப்போகும் பிள்ளையும் நீடூழி வாழவேண்டும். இதைப் படித்த பிறகும் என்னை வரச்சொன்னால் வருகிறேன், ஆனால் ஒன்றை மறக்காதே. என்னைச் சுவர் ஓரமாக உட்காரவைத்து, பிள்ளையை மடியில் வை. நின்றுகொண்டு நான் எவ்வளவு கெஞ்சினாலும் என் கையில் கொடுத்துவிடாதே.

இப்படிக்கு,
உன்னைத் தூக்கி வளர்த்த அம்மா