பின்னால் நின்ற பெரியவர்

அம்மாவுக்கு நவநீதனின் வணக்கம். முழங்கால் வலி குறைந்ததா? அப்பா மாத்திரையைத் தவறாமல் போடுகிறாரா? தேவாலாவில் நான் நலம். போனில் பேசினால் என் குரலை வைத்தே ஏதோ நடந்திருக்கிறது என்று கண்டுபிடித்துவிடுவீர்கள், அதனால் எழுதுகிறேன். பெரிதாக ஒன்றுமில்லை.

போன வாரம் மழையில் குடையோடு எஸ்டேட் ரோட்டில் நின்று, மேனேஜரைத் திட்டி நண்பனிடம் போனில் பேசிக்கொண்டிருந்தேன். அறைக்கு வந்ததும் எதிரே தொழிலாளர் லயத்தில் குடியிருக்கும் செல்வி அக்கா ஒரு வீடியோ அனுப்பி, "தம்பி, பெரியவரு உங்க பின்னாடியே நின்னாருங்க" என்று எழுதியிருந்தார். மேனேஜரைத்தான் சொல்கிறார், அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டார் என்று பயந்து வீடியோவைத் திறந்தேன். அதுவோ கட்டம் கட்டமாக மங்கியிருந்தது. டேட்டா சேவரை நிறுத்தினேன், போனையே அணைத்துப் போட்டேன்; அப்போதும் என் பின்னால் ஒரு சாம்பல் நிறத் திட்டுதான் தெரிந்தது. அனுப்பும்போது வீடியோ சுருங்கிவிடும் என்பது பிறகே உறைத்தது. அக்காவிடம் சொல்லி, சுருங்காமல் வர டாக்குமென்டாக அனுப்ப வைத்தேன்.

தெளிவாகத் தெரிந்தது. இங்கே யானையைப் பெயர் சொல்லிக் குறிப்பிட மாட்டார்களாம், பெரியவர் என்பார்களாம். துதிக்கை என் குடையை மோந்துவிட்டுத் திரும்பியது. அவ்வளவுதான்.

நீங்கள் கொடுத்தனுப்புவதாகச் சொன்ன பலாப்பழம் வேண்டாம், அந்த வாசனைக்கு வருமாம். ஒரு பெரிய டார்ச்சும் அப்பாவின் பழைய ரேடியோவும் போதும். அறையில் யாராவது பேசிக்கொண்டிருந்தால் எனக்குத் தூக்கம் வரும்.

செல்வி அக்கா ஜன்னலைத் தட்டி, பெரியவர் வந்திருப்பதாகச் சொல்கிறார். மேனேஜராக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டு முடிக்கிறேன்.

உங்கள் நவநீதன்