அப்பாவின் மேட்டில் மஞ்சள் இலைகள்

சொனோமா, கலிஃபோர்னியா
நவம்பர் 4, 1985

அன்புள்ள இனெஸ் அக்காவுக்கு,

இங்கு நானும் ஜோனும் நலம். உன் முழங்கால் வலி தேவலையா?

நல்ல செய்தி ஒன்று. அப்பாவின் பெயரில் புதிதாக ஒரு வைன் கொண்டுவரப்போகிறேன். இந்தப் பள்ளத்தாக்கில் எல்லாரும் திராட்சையைக் கம்பெனி லாரியில் ஏற்றிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டிருந்த காலத்தில், தான் செய்த வைனுக்குத் தன் பெயரையே ஒட்டி விற்ற முதல் ஆள் அவர். அக்கில்லே வெட்சானி என்ற பெயரை ஊர் மறக்கலாமா? அந்தப் பெயரை வியாபாரத்தில் போடும் உரிமை நம் இருவருக்கும் பொது என்பதால் உன் கையெழுத்து வேண்டும். சம்மதத் தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். லேபிளில் போட மேட்டுத் தோட்டத்தைப் போன வாரம் எடுத்த படமும் இருக்கிறது. அச்சகத்தார் நெருக்குகிறார்கள், சீக்கிரம் அனுப்பு.

உன் தம்பி,
தாரியோ


சிகாகோ
நவம்பர் 9, 1985

அன்புத் தம்பி தாரியோ,

முழங்காலுக்கு ஒன்றுமில்லை. கண்தான் உறுத்துகிறது. கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தவள், உன் படத்தைப் பார்த்துவிட்டு மூடிவைத்தேன்.

மேடு முழுக்க ஒரே மஞ்சள். சிவப்பு எங்கேடா? அப்பா ஒரே வரிசையில் ஏழெட்டு ஜாதிக் கொடிகளைக் கலந்து நட்டவர். எல்லாவற்றையும் ஒரே நாளில் பறித்து, ஒரே தொட்டியில் போடுவார். "ஒரே குணமுள்ள பத்துப் பேரை விருந்துக்குக் கூப்பிட்டா பேச்சு எப்படிடா நடக்கும்?" என்பார். அதில் அலிகாந்தே என்ற கருந்திராட்சைக் கொடிகளின் இலை நவம்பரில் ரத்தச் சிவப்பாகிவிடும். தூரத்திலிருந்து பார்த்தால் மேட்டில் யாரோ சிவப்புத் துணி உலர்த்தியதுபோல் இருக்கும்.

இன்னொன்று. என்ன வைன் என்று உன் கடிதத்தில் எங்கேயும் இல்லை. எழுது.

அக்கா,
இனெஸ்


சொனோமா
நவம்பர் 14, 1985

அன்புள்ள அக்கா,

நீ பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை விசாரித்தே பழகிவிட்டாய். அது ஃபிலிம் கோளாறு, சிவப்பு சரியாக விழவில்லை. அதோடு இந்த வருடம் பனி முந்திக்கொண்டதில் சிவப்பு இலையெல்லாம் கொட்டிவிட்டது. என்ன வைன் என்று கேட்டால், நல்ல வைன். கிறிஸ்துமஸுக்கு வா, குடித்துப் பார்க்கலாம். இப்போது வராதே, வீட்டில் வெள்ளையடிப்பு நடக்கிறது. கையெழுத்தை மட்டும் அனுப்பிவை.

தாரியோ


சிகாகோ
நவம்பர் 22, 1985

தம்பி தாரியோ,

உன் ஃபிலிமுக்குச் சிவப்பு மட்டும் பிடிக்காது, உன் பனிக்கும் சிவப்பு மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும். உன் கடிதம் கிடைத்ததும் விமானம் ஏறிவிட்டேன். புதன்கிழமை நீ சான் பிரான்சிஸ்கோ போயிருந்தபோது மேட்டில் நின்றேன். வீட்டில் வெள்ளையடிப்பு ஏதும் நடக்கவில்லை.

கொடிகளையெல்லாம் பிடுங்கி எறிந்திருப்பாய் என்று நினைத்துத்தான் வந்தேன். அடிமரம் அத்தனையும் அப்பா நட்டதுதான். தலையை மட்டும் வெட்டி, வெள்ளை வைன் திராட்சையை ஒட்டுக் கட்டியிருக்கிறாய்.

உன் பெண்டாட்டி ஜோன் ஓடிவந்தாள். "ஐயோ அண்ணி, எப்ப வந்தீங்க? சிவப்பு வைனை இப்ப யாரு சீண்டறாங்க? தொட்டி தொட்டியா அப்படியே நிக்குது. எல்லாரும் வெள்ளைதான் கேக்கறாங்க. ஒட்டுக் கட்டலன்னா தோட்டமே கைவிட்டுப் போயிருக்கும்."

"அதை எங்கிட்டச் சொல்றதுக்கென்ன? நான் என்ன புலியா?"

"நீங்களா? புலியே தேவலை அண்ணி!"

பிறகு என்னை மேற்குக் கோடி வரிசைக்கு அழைத்துப்போனாள். ஒட்டுக்குக் கீழே, பழைய அடிமரத்திலிருந்து கிளைத்த தளிர்களில் முழங்கால் உயரத்துக்குச் சிவப்பு இலைகள். "கீழ வர்றத வெட்டலன்னா மேல கட்டின ஒட்டு செத்துடும். இது யாருக்குத் தெரியாது? ஆனா இந்த வரிசைப் பக்கம் கத்தரிக்கோலோட யாரு வந்தாலும் உங்க தம்பி அடிக்க வர்றாரு. காரணம் கேட்டா வாயே தெறக்கறதில்ல."

அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அப்பாவின் பெயரைத் திருடுகிறவன் என்று உன்னை நினைத்துக்கொண்டே வந்தவள் நான்; நீயோ அவர் கொடியைச் சாகவிடாமல் காத்திருக்கிறாய்.

ஆனாலும் தாளைக் கையெழுத்தில்லாமல்தான் திருப்பி அனுப்புகிறேன். அப்பா வாழ்நாளில் ஒரு சொட்டு வெள்ளை வைன் செய்ததில்லை. இது உன் வைன், உன் பெயரை ஒட்டி விற்பனை செய். அதில் என்ன கூச்சம்? அவரும் அதைத்தானே செய்தார்.

இந்தக் குளிர்காலத்தில் மேற்கு வரிசையில் ஒட்டை வெட்டிவிட்டுத் தளிரை மேலே ஏறவிடு. அதில் காய்த்து ஒரே ஒரு பீப்பாய் சிவப்பு வைன் வரட்டும். அப்போது தாளை எடுத்துக்கொண்டு நீயே வா. பேனாவை மூடாமல் வைத்திருப்பேன்.

உன் அக்கா,
இனெஸ்