பக்கெட்டில் வந்த கடல்

மச்சான்,

போன வாரம் எங்கள் பால்கனிக்குக் கம்பிக் கதவு போட ஆள் வந்திருந்தார். நடுவில் டீ குடிக்கப் போனவர் வெல்டிங் முகமூடியை நாற்காலியில் வைத்துவிட்டுப் போனார். பெரும்பாக்கம் முழுக்க வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. முகமூடியை எடுத்து முகத்தில் பிடித்து அண்ணாந்து பார்த்தேன். கரும்பச்சைக் கண்ணாடிக்குள் சூரியன் ஒரு சின்னப் பொட்டு மாதிரி நின்றது. பின்னால் வந்த என் மனைவி, "என்ன பண்றீங்க?" என்றாள். உன் பெயரைச் சொன்னேன். சிரித்துவிட்டு உள்ளே போய்விட்டாள். எங்கள் வீட்டில் உன் பெயரைச் சொன்னால் அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் நாம் இருவரும் ஒரே கம்பெனியில் இருந்தோம். நீ வெல்டிங் பக்கம், நான் டிராயிங் பக்கம். ஒரு நாள் தாம்பரம் ஸ்டேஷனுக்கு வெளியே பழைய புத்தகக் கடையில் ஒரு வெளிநாட்டுப் பத்திரிகையை எடுத்துப் பிரித்தாய். பக்கம் முழுக்க ஒரு கடல். கருப்பு வெள்ளைப் படம். அலையே இல்லை.

"இன்னாடா இது, தண்ணி புகை மாதிரி கீது?"

கீழே சின்ன எழுத்தில் போட்டிருந்ததைப் படித்துச் சொன்னேன். "ஷட்டரை ரொம்ப நேரம் திறந்து வெச்சு எடுத்திருக்காங்கடா. அலை வந்து வந்து போறதெல்லாம் ஒண்ணுமேல ஒண்ணு விழுந்து இப்படி ஆயிடுது."

"நம்மளும் எடுக்கலாம்" என்றாய். கேட்கவில்லை, முடிவு செய்துவிட்டாய். பகல் வெளிச்சத்தில் அவ்வளவு நேரம் திறந்து வைத்தால் படம் வெளுத்துப்போகும், ஒன்றும் தெரியாது என்றேன். மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். நடுவில் உன் வெல்டிங் முகமூடி இருந்தது. அதை நானும் பார்த்தேன், நீயும் பார்த்தாய். இரண்டு பேரும் சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழுந்தோம்.

லென்ஸுக்கு முன்னால் வைத்து வெளிச்சத்தைக் குறைக்கக் கண்ணாடி கிடைத்துவிட்டது. ஸ்டாண்டை நான் வரைந்து கொடுத்தேன், நீ மீந்த இரும்புக் குழாயில் பற்றவைத்தாய். அது ஒரு ஆள் கனம் இருந்தது. பஸ்ஸில் ஏற்றினால் கண்டக்டர், "இன்னாபா, கல்யாணத்துக்குப் பந்தலா?" என்று கேட்பார். கேமராவுக்குத்தான் உன் அக்காவைப் பிடித்தாய். அக்காவின் கணவர், மஸ்கட்டில் கிரேன் ஓட்டிய உன் மாமா வாங்கி வந்தது. அவர் ஊரில் இல்லாதபோது அது பம்மல் வீட்டுப் பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு நடுவில் தூங்கும். "அவருக்குத் தெரிஞ்சா என்னைக் கொன்னுடுவாருடா" என்று சொல்லிக்கொண்டேதான் அக்கா ஒவ்வொரு முறையும் எடுத்துக் கொடுப்பார்.

முதல் ரோல் கலர். அந்தக் கண்ணாடியின் பச்சை எல்லாம் படத்தில் இறங்கி, கோவளம் கடல் பாசி பிடித்த குளமாக வந்தது. இரண்டாவது கருப்பு வெள்ளை. வெளிச்சம் போதாமல் எல்லாமே இருட்டு. "ராத்திரில எடுத்தோம்னு சொல்லிக்கலாம்" என்று நீ சமாதானம் சொன்னாய். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போனோம். ஷட்டர் திறந்திருக்கும்போது மணலில் காலை அசைக்கக் கூடாது என்பது உன் சட்டம். "பேசு, நடக்காத" என்பாய். அப்படி நின்ற இடத்தில் நின்றுகொண்டு நாம் பேசிய அளவுக்கு நான் வேறு யாரிடமும் பேசியதில்லை.

ஒரு ஞாயிறு காலை வானம் லேசாக மூடியிருந்தது. வெளிச்சம் கைக்கு அடங்கி இருந்தது. பாறைகளுக்குப் பக்கத்தில் ஸ்டாண்டை நிறுத்தினோம். வெகுநேரம் ஷட்டரைத் திறந்து வைத்து ஒரு படம் எடுத்து முடித்தாய். அடுத்ததற்குத் திறந்தபோதுதான் ஒரு பெரிய அலை வந்தது. அதற்கு முன்பே ஸ்டாண்டின் முன்கால் ஈர மணலில் இறங்கிக்கொண்டிருந்ததை நாம் கவனிக்கவில்லை. கேமரா தலைகுப்புறப் போனது. நீ அதன்மேல் பாய்ந்தாய். அலை திரும்பியபோது, நனைந்த கோழி மாதிரி மணலில் உட்கார்ந்து கேமராவை மார்போடு அணைத்துக்கொண்டிருந்தாய். உள்ளே தண்ணீர் சளக் சளக் என்று கேட்டது.

"அக்கா" என்றாய். அடுத்த வாரம் மாமா லீவில் வருகிறார்.

ரோட்டோர பூத்திலிருந்து, நம் ஃபிலிமைக் கழுவித் தரும் தாம்பரம் ஸ்டுடியோக்காரருக்குப் போன் போட்டேன். அவர் கோபப்படவில்லை. "கேமரா போச்சு தம்பி, அதை மறந்துடு. ஃபிலிம காப்பாத்தலாம். மூடியைத் திறக்காத. நல்ல தண்ணில முக்கி அப்படியே எடுத்துட்டு வா. காஞ்சா ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும்" என்றார். டீக்கடை அக்காவிடம் கெஞ்சி ஒரு பிளாஸ்டிக் பக்கெட் வாங்கினோம்.

கேளம்பாக்கத்தில் பஸ் மாறி, வண்டலூர் வழியாகத் தாம்பரம் வரை அந்த பக்கெட் உன் மடியில் வந்தது. சிந்திவிடாமல் இரண்டு கைகளாலும் பிடித்திருந்தாய். பக்கத்து சீட்டில் கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மா எட்டிப் பார்த்தார்.

"இன்னா மீனுபா இது?"

"கேமரா மா."

"அத்த எதுக்குத் தண்ணில வெச்சிகினு போற?"

நீ, "வெளியில எடுத்தா செத்துடும்" என்றாய். பஸ்ஸே சிரித்தது. நாமும் சிரித்தோம்.

ஸ்டுடியோ இருட்டறையில் படம் மெல்லத் தெளிந்து வந்ததை நீ மறந்திருக்க மாட்டாய். ஓரமெல்லாம் கறை. பல படங்கள் வீண். அலை வருவதற்கு முன் எடுத்த அந்த ஒன்று மட்டும் பிழைத்தது. பாறைகள் கருப்பாக, அப்படியே நின்றன. சுற்றிலும் கடல் வெள்ளைப் பனியாகக் கிடந்தது. கரையில் வலை இழுத்துக்கொண்டிருந்த அத்தனை பேரும் கரைந்துபோய், அவர்கள் இருந்த இடத்தில் சின்ன மூட்டம். கேமரா போன கவலையை மறந்து நீ என் தோளில் குத்தினாய். வலித்தது. இரண்டு நாள் வலித்தது.

அக்கா பொய் சொல்லச் சொன்னார், திருடு போய்விட்டதாக. நீ ஒப்புக்கொள்ளவில்லை. "அவரு வூட்டுக்கு வர்றதுக்குள்ள நானே சொல்லிடறேன்" என்று மீனம்பாக்கம் விமான நிலையத்துக்குக் கிளம்பினாய். என்னையும் இழுத்துக்கொண்டு போனாய். "தனியா போனா அடிப்பாரு. நீ இருந்தா யோசிப்பாரு."

டாக்சி கிளம்பிய உடனே சொல்லிவிட்டாய். "மாமா, உங்க கேமரா கடல்ல வுழுந்துடுச்சு. நான்தான் எடுத்துகினு போனேன். அக்காவ ஒண்ணும் சொல்லாதீங்க." மாமா வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். பல்லாவரம் சிக்னலில் வண்டி நின்றபோதுதான் திரும்பினார்.

"உனக்கு ஒண்ணும் ஆவலையே?"

"இல்ல மாமா."

சட்டைக்குள் வைத்திருந்த படத்தை எடுத்து நீட்டினாய். அவர் வாங்கி வெகுநேரம் பார்த்தார்.

"எந்த ஊரு இது?"

"நம்ம கோவளம்தான் மாமா."

"அங்க கிரேன் மேல ஏறினா கடல் முழுசா தெரியும்டா" என்றார். "தினம் பாப்பேன். இதைத் தாண்டித்தான ஊருன்னு தோணும். அது மேலயே ஒரு கோவம். இத்தப் பாத்தா கோவம் வரல." படத்தைத் திருப்பிக் கொடுத்து, "பெருசா ஒண்ணு போட்டுக் குடு. ரூம்ல மாட்டணும்" என்றார்.

அடுத்த லீவில் அவர் இன்னொரு கேமரா கொண்டு வந்தார். கூடவே கோவளத்துக்கும் வந்தார். ஸ்டாண்டின் மூன்று காலையும் மூன்று பேர் பிடித்துக்கொண்டு நின்றோம். வலை இழுப்பவர்கள் வேலையை நிறுத்திவிட்டு நம்மைப் பார்த்தார்கள்.

எத்தனையோ வருடம் கழித்து ஒரு நாள் நீ சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டாய். மாரடைப்பு என்றார்கள். காரியம் முடிந்த பிறகு உன் வீட்டுப் பக்கம் போக எனக்குக் கால் வரவில்லை. போய் யாரைப் பார்ப்பது என்று இருந்தது. அப்போதுதான் மாமா போன் செய்தார். மஸ்கட்டை விட்டு வந்து பல வருடம் ஆகிறது அவருக்கு. முட்டி வலி, சர்க்கரை எல்லாம் சேர்ந்துகொண்டது. "இன்னாடா, அவன் போனா நீயும் வரமாட்டியா?" என்று கேட்டார்.

எனக்குக் கூடப்பிறந்தவர்கள் இல்லை. உரிமையோடு மாமா என்று கூப்பிட ஓர் ஆள் எனக்கு இருந்ததில்லை. நீ இருந்தவரை அவரை 'உங்க மாமா' என்றுதான் சொல்லியிருக்கிறேன். இப்போது அந்த 'உங்க' போய்விட்டது. எப்போது போனது என்று தெரியவில்லை. முடிந்தபோதெல்லாம் இருவரும் கோவளம் போகிறோம். ஈர மணலில் அவர் என் தோளைப் பிடித்துக்கொள்கிறார். படம் எடுப்பதில்லை. உன்னைப் பற்றிப் பேசுகிறோம், பாதியில் சிரிப்பு வந்து பேச்சு நின்றுவிடுகிறது.

நேற்று சாயங்காலமும் போன் வந்தது.

"ஞாயித்துக்கெழம ரெடியா இரு. கடல் எப்படி கீதுன்னு பாத்துட்டு வரலாம்."

"சரி மாமா" என்றேன்.