பச்சை விறகின் புகை

விறகுக் கட்டில் ஈரக்கட்டை ஒன்று கலந்திருக்கிறது. கணப்பின் இரும்புக் கதவைத் திறந்ததும் அறை முழுக்கப் புகை. கண் எரிய, வாய் தானாகவே "தப்புதான்டா" என்றது. யாரிடம் சொன்னேன் என்று உறைத்ததும் எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. நீ செத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை.

இட ஒதுக்கீட்டுப் போராட்டத்தில் தியாகதுருகம் சாலையின் குறுக்கே அந்தப் புளியமரத்தை நாம் இருவரும் சேர்ந்துதான் வெட்டிச் சாய்த்தோம். போலீஸ் தேடியதும் கல்வராயன் மலைக்கு ஓடிவந்தோம். இந்தக் காப்பித் தோட்டத்து வீட்டுக்கு அப்போது உன் மாமா காவல். சுவரில் வெள்ளைக்காரன் கட்டிய கணப்பு. அதற்குள் உன் மாமா செருகிவைத்த, விறகு எரிக்கிற இரும்புப் பெட்டி. அது இல்லாவிட்டால் அந்த மார்கழியில் விறைத்தே போயிருப்போம். இரண்டு விறகை ஒன்றோடொன்று தட்டிக் காட்டினாய்.

"கணீர்னு கேக்கணும். பொத்துனு கேட்டா பச்ச. அத்தப் போட்டியின்னா பொக காட்டிக் குட்த்துடும்டா."

மூன்றாம் நாள் நீ அரிசி வாங்கக் கீழே இறங்கினாய். காய்ந்த விறகு தீர்ந்துவிட்டது. குளிர் தாங்காமல் பச்சைக் கட்டை இரண்டைப் போட்டேன். மறுநாள் விடியலில் போலீஸ் வந்தது. என்னை இழுத்துப்போனார்கள், உன் மாமாவையும் அடித்தார்கள்.

ஜெயிலிலிருந்து வந்தவனிடம் நீ கேட்டாய்: "இன்னாத்துக்குடா பச்ச வெறகு போட்ட? அடிவாரம் வரைக்கும் தெரிஞ்சிதாம் பொக." நீயாவது தப்பித்தாயே என்று சந்தோஷப்பட்டேன், மடையன். உன் மாமா காலில் விழுந்து மன்னிப்புக் கேட்டேன். நீ பக்கத்திலேயே நின்றிருந்தாய். வழக்கு இழுத்து முடிவதற்குள் வாத்தியார் வேலைக்கான வயது எனக்குத் தாண்டிவிட்டது. நாம் கேட்ட ஒதுக்கீட்டில் நீ வேலைக்குப் போனாய். மாமாவுக்குப் பிறகு இந்தக் காவல் வேலையை எனக்கு வாங்கிக் கொடுத்தாய். அதற்கும் கைகூப்பினேன். பொங்கலுக்குப் பொங்கல் வந்து, "இவன் போட்ட பொக இருக்குதே" என்று ஆரம்பித்துச் சிரிப்பாய். நானும் சிரிப்பேன்.

உன் கருமாதியன்று உன் மனைவி என்னைத் தனியே கூப்பிட்டாள். "அண்ணா, அன்னிக்கி சந்தையில போலீஸ் புடிச்சதும், நீங்க இருக்கற எடத்த இவருதான் சொன்னாராம். கேஸுல இவரு பேர எடுத்துடறேன்னாங்களாம். கண்ண மூடறதுக்கு முந்தின நாளுதான் எங்கிட்டயே சொன்னாரு. உங்ககிட்ட சொல்ல வாய் வர்லியாம்."

அடிக்குப் பயந்து சொன்னதைக்கூட விட்டுவிடுவேன். பழியை என் தலையில் போட்டு, இத்தனை பொங்கல் அதைச் சொல்லிச் சிரித்தாயே, அதை எப்படி விடுவது?

புகை அடங்கிவிட்டது. மறுபடி விறகைத் தட்டிப் பார்க்கிறேன், நீ காட்டிக்கொடுத்த மாதிரியேதான். எனக்கு வேறு விதம் தெரியாது. கணீரென்பது கணப்புக்குள் போகிறது. உன்னிடமும் உன் மாமாவிடமும் நான் கேட்ட மன்னிப்பையெல்லாம் எதில் போட்டு எரிப்பது?